அப்டேட்டில் படுத்துவிட்ட லேப்டாப்: பார்மட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு தங்கை எழுதியிருக்கிறார்: "அண்ணா, என்னுடையது விண்டோஸ் 11 லேப்டாப். முந்தாநாள் இரவு 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மூடிப் பையில் வைத்துவிட்டேன். காலையில் திறந்தால் 'பிரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வருகிறது. அப்புறம் நீலத்திரை. மறுபடியும் முதலிலிருந்து அதே கதை. கடையில் காட்டினேன். ஓஎஸ் போய்விட்டது, பார்மட் பண்ணித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். நான்கு வருட ஆய்வு அதற்குள் இருக்கிறது. வேறு வழியே இல்லையா?"

இருக்கிறது. பார்மட் வேண்டாம் என்று கடைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு, லேப்டாப்பை இன்றைக்கே வாங்கி வந்துவிடுங்கள். மீதியைப் பதற்றமில்லாமல் பார்க்கலாம்.

உங்கள் ஆய்வு பெரும்பாலும் அப்படியே இருக்கும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முக்கியக் கோப்புகள் எல்லாம் பயன்பாட்டில் இருக்கும். அவற்றை அப்போது மாற்ற முடியாது. ரயில் ஓடாத நேரம் பார்த்துத் தண்டவாளம் மாற்றுவதைப் போல, அப்டேட் புதிய கோப்புகளை ஓரமாக இறக்கி வைத்து, எதை எடுத்து எங்கே வைப்பது என்று ஒரு பட்டியலும் எழுதி வைக்கும். கணினி அணைந்து மீண்டும் எழும் இடைவெளியில் அந்தப் பட்டியலைப் படித்து வேலையை முடிக்கும். 'ஒர்க்கிங் ஆன் அப்டேட்ஸ்' என்று சதவீதம் ஓடுவது அந்த நேரம்தான். அப்போது மின்சாரம் போனாலோ, பையில் அடைத்துச் சூடேறி அணைந்தாலோ, பாதித் தண்டவாளம் பழையது, பாதி புதியது என்று ஆகிவிடும். மாற்றப்படுபவை விண்டோஸின் கோப்புகள். உங்கள் ஆவணங்களும் படங்களும் 'யூசர்ஸ்' என்ற கோப்புறையில் இருக்கின்றன. அப்டேட்டுக்கு அங்கே வேலை இல்லை.

ஆனால் பார்மட்டுக்கு அங்கேதான் வேலை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் ஹார்டு டிஸ்க்கைப் பார்மட் செய்தாலும், ரெக்கவரி மென்பொருள் ஓட்டிப் பாதியையாவது மீட்டுவிடலாம். இன்றைய லேப்டாப்பில் பெரும்பாலும் இருப்பது எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். பார்மட் ஆன உடனே "இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை" என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடும். டிரிம் என்று அதற்குப் பெயர். எஸ்எஸ்டி அந்த இடங்களைச் சாவகாசமாகத் துடைத்துவிடும். பிறகு எந்த மென்பொருளைக் கொண்டு தேடினாலும் வெறும் பூஜ்யங்கள்தான் வரும். போதாததற்கு, டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் பழைய பூட்டுக்கான விவரமும் பார்மட்டோடு போய்விடும்.

இதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுகளைப் படமெடுத்துப் படியெடுத்து வைத்திருந்தார். அப்டேட் 37 சதவீதத்தில் நின்றுவிட்டது, அவ்வளவுதான் பிரச்சினை. கடையில் ஒரு மணி நேரத்தில் பார்மட் போட்டுப் புது விண்டோஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். லேப்டாப் புதிது போல எழுந்தது. அதை என்னிடம் கொண்டுவந்து "படங்களை மட்டும் எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்டார். என்னால் ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. கடைக்காரருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை; கணினியை ஓட வைப்பது அவர் வேலை, அவர் அதைத்தான் செய்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். பென்டிரைவ், மவுஸ் டாங்கிள், மெமரி கார்டு, பிரிண்டர் வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சார்ஜரைச் செருகுங்கள், வேலை முடியும்வரை எடுக்காதீர்கள். பவர் பட்டனை அழுத்திவிட்டு, எங்கே நிற்கிறது என்று உற்றுப் பாருங்கள். லேப்டாப் கம்பெனியின் முத்திரையே வரவில்லை என்றால் கோளாறு விண்டோஸில் இல்லை, வன்பொருளில். முத்திரைக்குக் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றினால் விண்டோஸ் ஏறத் தொடங்கிவிட்டது, பிறகுதான் தடுக்குகிறது. சதவீதம் போட்டு "அணைக்காதீர்கள்" என்று சொல்லும் திரை வந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். நகரவில்லையே என்று பட்டனை அமுக்கிக் கெடுத்தவர்கள் ஏராளம். இரண்டு மூன்று மணி நேரம் ஆகியும் எண் மாறவில்லை, உள்ளே விசிறிச் சத்தமோ விளக்குச் சிமிட்டலோ எதுவும் இல்லை என்றால் மட்டும் பட்டனை நீண்ட நேரம் அழுத்தி அணைக்கலாம்.

நீலத்திரை வந்தால் (புது விண்டோஸ் 11-இல் அது கருப்புத் திரையாகிவிட்டது) அடியில் உள்ள ஸ்டாப் கோடை, அதாவது கோளாறின் பெயரை, போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பாதி நோயை அதுவே சொல்லிவிடும். 'இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்' என்றால், விண்டோஸ் ஏறத் தொடங்கிய பிறகு தன் டிஸ்க்கையே பார்க்க முடியாமல் நிற்கிறது. டிஸ்க்கோடு விண்டோஸ் பேச உதவும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் பாதியில் மாறியிருக்கலாம். அல்லது, விண்டோஸுக்கு முன்பே எழுந்து வன்பொருளைத் தயார்செய்யும் பயாஸ் என்ற மென்பொருளுக்கும் அப்டேட் சேர்ந்து வந்து, பயாஸில் டிஸ்க் பற்றிய அமைப்பு மாறிப்போயிருக்கலாம். இந்த இரண்டாவது காரணம் பலருக்கும் தோன்றுவதில்லை. விண்டோஸ் அப்டேட் வழியாகவே லேப்டாப் கம்பெனிகள் பயாஸையும் அனுப்புகின்றன. 'அன்மவுண்டபிள் பூட் வால்யூம்' என்றால் டிஸ்க்கில் உள்ள கோப்பு அமைப்பு சிதைந்திருக்கிறது. அது வந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்க் அன்றாட வேலையில் தாக்குப்பிடித்திருக்கும். அப்டேட் ஒரே மூச்சில் நிறைய எழுதும்போது கைவிட்டுவிடும். பழி அப்டேட் மேல் விழும். பழைய ஹார்டு டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் எந்தப் பழுதுபார்ப்பும் வேண்டாம், கோப்புகளை எடுப்பது மட்டுமே வேலை.

அடுத்தது சாவி. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சில வருடங்களாக வரும் லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தொடங்கினால், டிஸ்க் தானாகவே பூட்டப்படும். பிட்லாக்கர் என்று அதற்குப் பெயர். தினமும் நீங்கள் பார்க்கும் விண்டோஸ் அதைத் தானே திறந்துகொள்வதால், பூட்டு இருப்பதே தெரியாது. துவக்கத்தில் ஏதாவது பிசகினால் மட்டும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். அது இல்லாமல் நானோ, கடைக்காரரோ, மைக்ரோசாஃப்ட்டோ உள்ளே போக முடியாது. போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வலைப்பக்கத்துக்குப் போய், 'டிவைசஸ்' பகுதியில் உங்கள் லேப்டாப் பெயரின் கீழ் பாருங்கள். பிட்லாக்கர் கீ அங்கே இருக்கும். லேப்டாப் திரையில் 'கீ ஐடி' என்று எட்டு எழுத்துகள் காட்டும். கணக்கில் உள்ள ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு அது பொருந்த வேண்டும். பொருந்தினால் அதுதான் உங்கள் சாவி.

உங்கள் கணக்கில் இல்லையா? லேப்டாப் வாங்கிய அன்று யார் அதை முதலில் தொடங்கி வைத்தார்கள் என்று யோசியுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் கடைப் பையனோ அண்ணன் தம்பியோ தன் மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருப்பார்கள். சாவி அந்தக் கணக்குக்குப் போயிருக்கும். பல்கலைக்கழக மின்னஞ்சலை இணைத்திருந்தால் அங்குள்ள கணினிப் பிரிவைக் கேளுங்கள். இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை, சாவி கிடைக்கும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். ஒருவேளை உங்கள் லேப்டாப்பில் பூட்டே இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் கீ கேட்காமலே உள்ளே விடும்.

அந்தச் சாவிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை உலகமே பார்த்தது. நம் நேரப்படி காலை 9:39-க்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அந்தக் கோப்பு 21-ஆவது மதிப்பு ஒன்றைக் கேட்டது. மென்பொருளிடம் இருந்ததோ 20. இல்லாத இடத்தில் போய் அது துழாவியது. விண்டோஸின் கருவறைக்குள்ளேயே ஓடும் மென்பொருள் என்பதால் விண்டோஸே நின்றுபோனது. மறுபடி எழுந்தால் முதல் வேலையாக அதே கோப்பைப் படிக்கும், மறுபடி விழும். 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் 85 லட்சம் கணினிகள் படுத்துவிட்டன என்பது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீடு. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அந்த நாள்தான்.

தீர்வு ஒன்றும் பெரிதில்லை: சேஃப் மோடில் போய், ஒரே ஒரு கோப்பை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். சேஃப் மோடில் விண்டோஸ் அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு எழும். அந்த மென்பொருளை அது ஏற்றாது. ஆனால் எழாத கணினிக்குத் தூரத்திலிருந்து எதையும் அனுப்ப முடியாது. யாராவது ஒருவர் ஒவ்வொரு கணினியின் முன்னும் போய் உட்கார வேண்டும். பூட்டப்பட்ட கணினி என்றால் அந்த 48 இலக்கங்களையும் அடிக்க வேண்டும். சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சர்வரே படுத்துப்போன இடங்களில், பூட்டிய அறைக்குள் சாவி இருப்பது போல ஆகிவிட்டது.

சாவி கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' தோற்றுப்போய் ஒரு திரை வரும், அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும். அது வராவிட்டால், புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மீட்புத் திரை தானாக வரும். அதில் 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. ஆறேழு கட்டங்கள் தெரியும். எல்லோரும் பழுது நீக்கும் கட்டங்களுக்குத்தான் முதலில் பாய்வார்கள். நீங்கள் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்பதைத் தொடுங்கள். முதலில் உங்கள் ஆய்வை வெளியே எடுத்துவிடலாம்.

கருப்புச் சன்னல் ஒன்று திறக்கும். வரியின் தொடக்கத்தில் எக்ஸ் என்ற டிரைவ் எழுத்து இருக்கும். அது உங்கள் டிஸ்க் இல்லை. மீட்புக்கென்று கணினி நினைவகத்தில் தற்காலிகமாக உண்டாக்கிய இடம். காலியான பென்டிரைவை இப்போது செருகுங்கள். ஆங்கிலத்தில் நோட்பேட் என்று அடித்து என்டர் தட்டுங்கள். சாதாரண நோட்பேட் திறக்கும். அதில் 'ஃபைல்', 'ஓப்பன்' போங்கள். கீழே 'டெக்ஸ்ட் டாக்குமென்ட்ஸ்' என்று இருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் கோப்புறைகள் மட்டும் தெரியும், கோப்புகள் தெரியாது. இடப்பக்கம் 'திஸ் பிசி' என்பதைத் தொட்டால் டிரைவ்கள் வரிசையாகத் தெரியும். இங்கே உங்கள் சி டிரைவ், டி என்றோ இ என்றோ எழுத்து மாறியிருக்கலாம். எதற்குள் 'விண்டோஸ்', 'யூசர்ஸ்' இரண்டும் இருக்கின்றனவோ அதுதான் உங்களுடையது. அந்த எழுத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

'யூசர்ஸ்' உள்ளே உங்கள் பெயர், அதன் உள்ளே 'டாக்குமென்ட்ஸ்', 'டெஸ்க்டாப்', 'டவுன்லோட்ஸ்'. ஆய்வுக் கோப்புறையின் மேல் ரைட் கிளிக் செய்து 'காப்பி'. பென்டிரைவுக்குப் போய் 'பேஸ்ட்'. எவ்வளவு ஆகியிருக்கிறது என்று காட்டும் பச்சைக் கோடெல்லாம் இங்கே வராது. சன்னல் உறைந்துவிட்டது போலத் தெரியும், சுட்டி அசையும், வேறு எதுவும் நடக்காது. பயப்படாதீர்கள், காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் சன்னல் உயிர்பெறும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுக்காமல் கோப்புறை கோப்புறையாக எடுங்கள்: ஆய்வு முதலில், நேர்காணல் ஒலிப்பதிவுகள் அடுத்து, படங்கள் கடைசி. எடுத்த பென்டிரைவை இன்னொரு கணினியில் போட்டு, நான்கைந்து கோப்புகளையாவது திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த கட்டம்.

'டெஸ்க்டாப்' காலியாக இருந்தால் மனம் உடைய வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் அந்தக் கோப்புறையைத் தன்னுள் இழுத்துக்கொண்டிருக்கும். உங்கள் பெயருக்குக் கீழே 'ஒன்டிரைவ்' என்ற கோப்புறையைப் பாருங்கள். போனில் ஒன்டிரைவ் திறந்தாலே பாதி அங்கே இருக்கும்.

மீட்புத் திரையே வராத கணினி என்றால், வேறொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11 நிறுவும் ஊடகத்தை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து தயாரித்து, அதிலிருந்து துவக்கி, நிறுவுவதற்குப் பதில் 'ரிப்பேர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இதே கட்டங்கள் வரும். இந்தப் பென்டிரைவ் வீட்டுக்கு ஒன்று இருப்பது நல்லது. 2025 அக்டோபர் அப்டேட் மீட்புத் திரையையே கெடுத்தது: யூஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் அங்கே வேலை செய்யவில்லை. மைக்ரோசாஃப்ட் 20-ஆம் தேதி அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. இடைப்பட்ட நாட்களில் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியும், தேர்ந்தெடுக்கத்தான் முடியாது.

கோப்புகள் பத்திரமான பிறகு விண்டோஸை எழுப்பலாம். இனி தைரியமாகக் கை வைக்கலாம். 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்ற கட்டத்துக்குப் போய் 'லேட்டஸ்ட் குவாலிட்டி அப்டேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாதாமாதம் வருவது அது. 'ஃபீச்சர் அப்டேட்' என்பது ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு. அதைப் போட்டிருந்தால் ஒழிய அந்தப் பக்கம் போக வேண்டாம். உங்களைப் போலப் பாதியில் நின்றவர்களுக்கு, "நீக்க முடியவில்லை" என்றே பதில் வரக்கூடும். முழுதாக ஏறாததை எப்படி முழுதாக இறக்குவது என்று அதற்கும் தெரியாது.

அப்போதுதான் அந்தப் பாதிப் பட்டியலையே ரத்து செய்யச் சொல்ல வேண்டும். மறுபடி கமாண்ட் ப்ராம்ப்ட். டிஸ்ம் என்று ஒரு கருவி இருக்கிறது. அதில் 'ரிவர்ட் பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' என்ற கட்டளை. எழாத கணினிக்கு மட்டும் பயன்படுத்தும்படி மைக்ரோசாஃப்ட்டே சொல்லும் கட்டளை இது. முழு வரியையும் மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பக்கத்தில் பார்த்து, எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். நீங்கள் செய்ய வேண்டிய மாற்றம், அதில் சி என்று இருக்கும் இடத்தில் தாளில் குறித்த எழுத்தைப் போடுவதுதான். எக்ஸ் டிரைவில் இடம் கொஞ்சம்தான் என்பதால், தற்காலிகக் கோப்புகளை உங்கள் டிஸ்க்கிலேயே வைக்கச் சொல்லும் 'ஸ்க்ராட்ச் டிர்' பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட். "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி வந்து நெடுநேரம் நிற்கும். நிற்கட்டும். என் அனுபவத்தில் பாதியில் நின்ற அப்டேட்டுகளுக்கு இதைவிட நன்றாகக் கேட்கும் மருந்து இல்லை.

அதற்கும் அசையாவிட்டால் 'சிஸ்டம் ரீஸ்டோர்' இருக்கிறது. விண்டோஸ் தன் பழைய நிலையைச் சேமித்து வைத்த 'ரீஸ்டோர் பாயின்ட்' ஒன்று அப்டேட்டுக்கு முந்தைய தேதியில் கிடைத்தால் அதிர்ஷ்டம். டிரைவர் கோளாறு என்று ஸ்டாப் கோடு சொன்னால் 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' போய் ரீஸ்டார்ட் செய்து, 4 என்ற விசையை அழுத்திச் சேஃப் மோடில் நுழைந்து, புதிதாக வந்த டிரைவரை நீக்குங்கள். பயாஸ் சந்தேகம் என்றால் லேப்டாப் கம்பெனியின் சேவை மையத்தில் அந்த அமைப்பை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்; அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும், பார்மட் தேவையே இல்லை. எல்லாம் தோற்றால் 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'கீப் மை ஃபைல்ஸ்'. மென்பொருள்கள் போய்விடும், உங்கள் கோப்புறைகள் நிற்கும். அதற்குக் கீழேயே 'ரிமூவ் எவ்ரிதிங்' இருக்கிறது. இரண்டு முறை படித்துவிட்டு அழுத்துங்கள்.

எழுந்த பிறகு அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்திவிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது அதுதான். 'பாஸ் அப்டேட்ஸ்' கொடுத்து இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். மாத அப்டேட் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும், நமக்கு அன்று இரவு. கோளாறு இருந்தால் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். டிஸ்க்கில் 20 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள். பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காத லேப்டாப் என்றால் சார்ஜர் இல்லாமல் அப்டேட் பக்கம் போகாதீர்கள். 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' கொடுத்தால் விளக்கு முழுதாக அணையும்வரை பையில் வைக்காதீர்கள். அந்த 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி, சான்றிதழ்கள் வைத்திருக்கும் கோப்பில் சேர்த்து வையுங்கள்.

நோட்பேட் சன்னலில் உங்கள் டிரைவே தெரியவில்லை என்றால் மேற்கொண்டு எதையும் அழுத்தாமல், ஸ்டாப் கோடையும், லேப்டாப் எந்த மாடல் என்பதையும் எழுதுங்கள். அதற்குச் செய்ய வேண்டியது வேறு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.